ஆறு வீட்டுக்கு ஒரு மீட்டர்

ஜூன் 3

தம்பிக்கு,

அன்புள்ள என்று தொடங்க வேண்டும் என்பது எனக்கும் தெரியும். இன்றைக்குக் கை வரவில்லை. நீ போன் செய்தபடி இருக்கிறாய், நான் எடுக்கவில்லை. எடுத்தால் நீ பேசுவாய். நிதி அமைச்சகத்தில் பத்து வருஷம் பேசிப் பழகிய வாய், என் வாயை அடைத்துவிடும். தாளில் எழுதினால் நீ குறுக்கே பேச முடியாது.

இந்த மாதம் கரன்ட் பில் மூன்று மடங்காக வந்திருக்கிறது. வழக்கம்போல ஆறு வீட்டுக்காரர்களும் மாடிப்படியில் உட்கார்ந்தோம். கீழ்வீட்டு டீச்சர் பங்கு போட்டார். பல்புக்கு ஒரு பங்கு, ஃபேனுக்கு இரண்டு, ஃப்ரிட்ஜுக்கு ஐந்து. உனக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எங்களோடு தங்கிப் படித்த காலத்தில் நீயே அந்தப் படியில் உட்கார்ந்து கூட்டிக் கழித்துக் கொடுத்தவன்தான். உன் அத்தானின் ஆக்சிஜன் மெஷினை மட்டும் யாரும் எண்ணுவதில்லை. கார்களுக்குப் பெயிண்ட் அடித்து அடித்து அவர் நுரையீரல் போய், அந்த மெஷின் வீட்டுக்கு வந்த அன்றே டீச்சர் சொல்லிவிட்டார்: "மூச்சுக்கெல்லாம் பங்கு போட வேணாம்." மேல்மாடிக் கொத்தனார்கூட மறுக்கவில்லை. ஒரு ரூபாய்க்கு நூறு கேள்வி கேட்கிற மனுஷன் அவர்.

இந்த மாதமும் எண்ணவில்லை. ஆனால் பில்லைப் படித்த பிறகு கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அந்த மௌனம் எங்கள் வீட்டுக் கதவைப் பார்த்து இருந்தது என்று எனக்குத் தெரியாதா?

கரன்ட் விலை ஏறினாலும் ஏழைகளுக்கு மாதாமாதம் நிவாரணம் வரும் என்று ரேடியோவில் சொன்னார்கள். தையல் கடையில் அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு மின்சார ஆபீசுக்குப் போனேன். வெட்ட வேண்டிய சீருடைத் துணி மேஜையில் மலைபோலக் கிடக்கிறது, முதலாளி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். ஆபீசில் ஜன்னலுக்குள் இருந்த பெண் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு வராதும்மா. இவ்வளவு யூனிட் ஓடுது. லிஸ்ட்ல நீங்க பணக்கார வீடு" என்றாள். ஆறு குடும்பத்துக்கு ஒரே மீட்டர் என்றேன். "மீட்டர் ஒண்ணுன்னா வீடும் ஒண்ணுதான்" என்றாள்.

இதை யார் யோசித்தது என்று கேட்க எனக்குத் தேவையே இல்லை. பேப்பரில் உன் படம் வந்திருந்தது. நாட்டுக்குக் கடன் கொடுக்கும் வெளிநாட்டு வங்கிக்காரர்கள் அமைச்சரோடு கை குலுக்குகிறார்கள், பின்னால் நீ கோப்போடு நிற்கிறாய். பூமி சூடாகிறதாம், அதனால் கரன்டைச் சிக்கனமாகச் செலவழிக்க வேண்டுமாம். பூமியைச் சூடாக்கியது எங்கள் மாடிப்படி பல்புதானா? அந்தப் பல்பு வெளிச்சத்தில் படித்துத்தானே நீ அந்தக் கோப்பைத் தூக்கினாய்?

பதில் எழுது. பேசாதே, எழுது.

அக்கா

*

ஜூன் 11

அன்புள்ள அக்காவுக்கு,

நான் அன்புள்ள என்றே எழுதுகிறேன். நீ வேண்டாமென்றாலும்.

கோபப்பட உனக்கு உரிமை இருக்கிறது. ஆனால் முழுவதையும் கேட்டுவிட்டுக் கோபப்படு. போன வருஷம் கஜானாவில் எண்ணெய்க் கப்பலுக்குக் கொடுக்கப் பணமில்லை. ஆஸ்பத்திரிகளில் மருந்து தீர்ந்து கொண்டிருந்தது. உன்னிடம் சொல்லவில்லை, யாரிடமும் சொல்லக்கூடாது என்று எங்களுக்கு உத்தரவு. அந்த நேரத்தில் கடன் தர முன்வந்தது இந்த வங்கி ஒன்றுதான். கடன் சும்மா வராது. வரவு செலவைச் சீர்படுத்து, கரன்டுக்கும் எண்ணெய்க்கும் கொடுக்கும் மானியத்தை நிறுத்து, வெள்ளத்துக்கும் வெயிலுக்கும் நாட்டைத் தயார்செய் என்று ஓர் அட்டவணை நிறைய நிபந்தனைகள், வரிசைக்கு ஒன்றாக. ஒவ்வொன்றையும் செய்து காட்டினால்தான் ஒவ்வொரு தவணையும் வரும்.

இன்னொன்றும் சொல்கிறேன், இதை நீ ஒப்புக்கொள்வாய். பழைய மானியம் யாருக்குப் போனது? வீடு முழுக்க ஏசி போட்டவனுக்கு. நீச்சல்குளத்துக்கு மோட்டார் ஓட்டியவனுக்கு. அதிகம் எரித்தவனுக்கு அதிக மானியம். அதை நிறுத்தியதற்கு நான் வெட்கப்படவில்லை.

மீட்டரை ஏன் அளவுகோலாக வைத்தோம் என்கிறாய். வங்கியின் குழு கூடும் நாளுக்குள் ஏழைகளின் பட்டியல் ஒன்று கையில் இருந்தாக வேண்டும். நம்மிடம் உருப்படியாக இருந்த ஒரே பட்டியல் மின்சார இணைப்புகளுடையது. நம் கட்டடம் எனக்கு ஞாபகம் வராமல் இல்லை, அக்கா. கூட்டத்தில் எழுந்து சொன்னேன். ஒரே மீட்டரில் பல குடும்பங்கள் இருக்கிற வீடுகள் உண்டு என்றேன். "எத்தனை?" என்று கேட்டார்கள். என்னிடம் எண்ணிக்கை இல்லை. யாரிடமும் இல்லை, ஏனென்றால் அவை எந்தப் பட்டியலிலும் இல்லை. எண்ணிக்கை இல்லாத ஒன்றை அட்டவணையில் எங்கே எழுதுவது?

இருந்தாலும் போராடி ஒரு வழி வாங்கினேன். பதினோராவது வரிசை: பொது மீட்டரில் இருப்பவர்கள் மனு கொடுத்தால் இணைப்பைப் பிரித்துத் தர வேண்டும். ஆறு வீடும் சேர்ந்து ஒரே மனுவாகக் கொடுங்கள். தனித்தனி மீட்டர் வந்துவிட்டால் ஆறு வீட்டுக்கும் நிவாரணம் வரும். அத்தானுக்கு என் அன்பைச் சொல்.

தம்பி

*

ஜூன் 24

தம்பிக்கு,

நீ சொன்னபடியே செய்தோம். ஆறு வீட்டுக்காரர்களும் கையெழுத்துப் போட்டோம், கொத்தனார் விரல் ரேகை வைத்தார். மனு எழுதியது டீச்சர், எழுத்து முத்து முத்தாக இருந்தது. ஜன்னல்காரி அதைப் புரட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தள்ளினாள்.

"ஹவுஸ் ஓனர் கையெழுத்து எங்க?"

கட்டடத்துக்காரரை உனக்குத் தெரியும், கீழே ஹார்டுவேர் கடை வைத்திருப்பவர். நானும் டீச்சரும் போய் நின்றோம். பைப்பை அளந்தபடியே கேட்டுக்கொண்டார். கடைசியில்தான் நிமிர்ந்தார்.

"மூணாவது மாடி பிளான்லயே இல்லம்மா. ஆறு மீட்டர் மாட்டினா நகராட்சிக்காரன் அளக்க வந்து நிப்பான். இப்பத்தான் வீட்டு வரியை வேற ஏத்தி, புதுசா அளவெடுக்கப் போறாங்களாம். எவன் கட்டுறது? நீங்க கட்டுறீங்களா?"

அந்த வீட்டு வரி யாருடைய வேலை என்று விசாரித்தேன். அதுவும் உங்கள் அட்டவணையில்தான் இருக்கிறதாம். பேப்பரில் போட்டிருக்கிறது. ஒரு வரிசையில் மீட்டரைப் பிரித்துக் கொடு என்கிறீர்கள், இன்னொரு வரிசையில் பிரித்தால் மாட்டிக்கொள்வாய் என்று கட்டடக்காரனைப் பயமுறுத்துகிறீர்கள். இரண்டையும் எழுதியவர்கள் ஒரே கேன்டீனில்தானே டீ குடிக்கிறீர்கள்? ஒருவரோடு ஒருவர் பேச மாட்டீர்களா?

கையெழுத்து வேண்டும் என்று யார் போட்டது என்று கேட்டால் நீ என்ன சொல்வாய் என்று எனக்கே தெரியும். சட்டப் பிரிவு என்பாய். சட்டப் பிரிவைக் கேட்டால் வங்கிக்காரர்கள் என்பார்கள். வங்கிக்காரர்களைக் கேட்டால் உங்கள் அரசாங்கம்தான் என்பார்கள். இத்தனை பேர் சேர்ந்து செய்த காரியத்தில் செய்தவன் மட்டும் ஒருத்தனும் இல்லை. கண்கட்டு வித்தைக்காரன் தோற்றான் உங்களிடம்.

இதையெல்லாம் எழுத இன்று உட்காரவில்லை. நேற்று மத்தியானம் கடையிலிருந்து சீக்கிரம் வந்தேன். வீட்டில் மெஷின் சத்தம் இல்லை. உன் அத்தான் ஜன்னல் பக்கம் நாற்காலியைப் போட்டு, இரண்டு கையையும் முட்டியில் ஊன்றி உட்கார்ந்திருந்தார். உதடு நீலம் பாரித்திருந்தது. ஓடிப்போய் சுவிட்சைப் போட்டேன்.

"அதுக்கும் கொஞ்சம் ஓய்வு வேணாமா?" என்று சிரித்தார். சிரிக்கவே மூச்சு வாங்கியது. தினமும் நான் கடைக்குப் போனதும் நிறுத்திவிடுகிறாராம். படியில் யாரும் பேசாமல் இருந்த அந்த நேரத்தை அவர் உள்ளே இருந்து கேட்டிருக்கிறார்.

அந்தப் பேப்பரில் உன் படத்தை எத்தனையோ பேரிடம் காட்டினேன். இப்போது மடித்து அலமாரிக்கு அடியில் வைத்துவிட்டேன்.

அக்கா

*

ஜூலை 2

அக்கா,

மெஷினை நிறுத்தக்கூடாது என்று அத்தானிடம் கண்டிப்பாகச் சொல். நான் சொன்னதாகச் சொல்.

கையெழுத்து நிபந்தனையை எடுக்க முடியுமா என்று மேலே கேட்டுப் பார்த்தேன். இப்போது அட்டவணையில் ஒரு எழுத்தை மாற்றினாலும் மறுபடி வங்கிக்குப் போய் வர வேண்டும், தவணை தள்ளிப்போகும் என்றார்கள். அதற்கு மேல் என்னால் வாதாட முடியவில்லை.

அடுத்த வாரம் ஓர் ஆள் வருவார். அவரை ஒன்றும் கேட்காதே. நீயும் யாரிடமும் ஒன்றும் சொல்லாதே.

தம்பி

*

ஜூலை 15

தம்பிக்கு,

உன் ஆள் வந்தார். ஏணியோடும் புது மீட்டரோடும் ஒரு லைன்மேன். கட்டடக்காரருக்கு அதற்கு முன்பே எங்கிருந்தோ போன் வந்திருக்கிறது. அவர் கடை வாசலில் கைகட்டி நின்று பார்த்தார். கையெழுத்து எங்கே என்று யாரும் கேட்கவில்லை. "எத்தனை மீட்டர்?" என்று நான் கேட்டேன். "ஒண்ணுதாம்மா. உங்க பேருக்கு மட்டும்தான் ஆர்டர்" என்றார்.

அப்போதே திருப்பி அனுப்பியிருக்க வேண்டும். அனுப்பவில்லை. உள்ளே மெஷின் ஓடிக்கொண்டிருந்தது, அந்தச் சத்தம் என் காலைக் கட்டிப்போட்டது. சுவரில் துளை போடுவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். கொத்தனார் படியிறங்கி வந்தார், மீட்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடியும் மேலே ஏறிப் போய்விட்டார். எங்கே போகக் கிளம்பினாரோ அங்கே போகவில்லை.

எங்களுக்கு நிவாரணம் வந்துவிட்டது. உன் அத்தான் நாள் முழுக்க மெஷின் போட்டுக்கொள்கிறார். சந்தோஷம்தானே என்று நினைக்கிறாய். மீதியையும் கேள்.

டீச்சர் மின்சார ஆபீசுக்குப் போயிருக்கிறார். அக்கா வீட்டுக்குக் கொடுத்தார்களே, எங்கள் ஐந்து வீட்டுக்கு எப்போது என்று கேட்டிருக்கிறார். ஜன்னல்காரி கம்ப்யூட்டரில் பார்த்துவிட்டு, "உங்க கட்டடத்து மனு முடிஞ்சுபோச்சே. பிரிச்சுக் கொடுத்தாச்சுன்னு இருக்கு" என்றாளாம். ஆறு பேர் கொடுத்த மனு, ஒரு மீட்டரோடு தீர்ந்தது. மறுபடி மனு கொடுக்கவும் வழி இல்லையாம், ஒரு கட்டடத்துக்கு ஒரு முறைதானாம்.

புரிகிறதா நீ என்ன செய்தாய் என்று? எனக்கு மீட்டர் கொடுக்கவில்லை. அவர்கள் ஐந்து பேருடையதையும் எடுத்து என் கையில் வைத்துவிட்டாய். இத்தனை வருஷம் என் புருஷனின் மூச்சை எண்ணாமல் விட்டவர்கள் அவர்கள். நான் அவர்களுக்குச் செய்த கைம்மாறு இது.

டீச்சர் சண்டை போட்டிருந்தால் தாங்கியிருப்பேன். தண்ணீர்க் குழாயடியில் நேற்று நேருக்கு நேர் வந்தார். "உங்க தம்பி பெரிய இடத்துல இருக்கார், நல்லதுதான்" என்றார். குரலில் கோபமே இல்லை. குடத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார். இந்த மாதம் பில் தாமதமாக வந்தது; முந்தாநாள்தான் படியில் பங்கு போட்டார்கள், என்னைக் கூப்பிடவில்லை. நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன், திருடி மாதிரி.

அக்கா

*

ஜூலை 23

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் என்னைக் காயப்படுத்தியது. நான் செய்தது முறையில்லை என்று எனக்குத் தெரியும். பத்து வருஷத்தில் ஒரு தடவைகூட நான் என் பதவியைச் சொல்லி எவரிடமும் எதுவும் கேட்டதில்லை. இந்த ஒரு தடவை கேட்டேன். அத்தானுக்காகக் கேட்டேன். உதடு நீலம் என்று நீ எழுதிய பிறகு நான் எந்தச் சட்டப் பிரிவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியும்? ஆறு மீட்டர் கேட்டிருந்தால் ஒன்றும் கிடைத்திருக்காது.

மனு முடிந்துவிட்டதாகக் கம்ப்யூட்டர் காட்டும் என்று சத்தியமாக எனக்குத் தெரியாது.

இனி எழுதப்போவதைக் கோபப்படாமல் படி. வங்கியின் ஆய்வுக் குழு அடுத்த மாதம் ஆறாம் தேதி வருகிறது. எல்லா வரிசைக்கும் எதிரே ஏதாவது நடந்திருப்பதைக் காட்ட வேண்டும். பதினோராவது வரிசையில், நாடு முழுக்க, கையெழுத்துப் பிரச்சினையால் ஒரு மனுகூட நிறைவேறவில்லை. உன்னுடையதைத் தவிர. எங்கள் பிரிவு இயக்குநர் அதைப் பட்டியலில் பார்த்துவிட்டார். நீ என் அக்கா என்று அவருக்குத் தெரியாது. தெரிந்தாலும் கவலைப்பட மாட்டார் என்று தோன்றுகிறது. "பொது மீட்டர் கட்டடங்களில் இணைப்புப் பிரிக்கும் பணி தொடங்கிவிட்டது, எடுத்துக்காட்டு ஒன்று" என்று எழுதச் சொல்லியிருக்கிறார். குழுவை நம் கட்டடத்துக்கே அழைத்து வரப்போகிறார்கள். புது மீட்டர், மெஷினோடு அத்தான், பக்கத்தில் நீ, படம் எடுப்பார்கள்.

அந்த வரிசை காலியாக இருந்தால் இரண்டாம் தவணை தள்ளிப்போகலாம். அது என் சம்பளத்துக்கு வருகிற பணமில்லை, அக்கா. மருந்துக்கும் எண்ணெய்க்கும் வருகிற பணம். அத்தானுக்கு மாற்றும் வடிகட்டிகூட அந்தப் பணத்தில்தான் கப்பலில் வருகிறது.

கெஞ்சிக் கேட்கிறேன். அன்றைக்கு வீட்டில் இரு. கேட்டால், மனு கொடுத்தோம், மீட்டர் வந்தது என்று மட்டும் சொல். அதில் ஒரு வார்த்தையும் பொய்யில்லை.

தம்பி

*

ஆகஸ்ட் 2

தம்பிக்கு,

உன் கடிதத்தை உன் அத்தானுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். படம் எடுப்பார்கள் என்ற இடம் வந்ததும் கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னார். பேச அவருக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

"அவங்க போட்டோவுக்கு உட்கார்ந்து மூச்சு விட என்னால ஆகாது. மீட்டரைக் கழட்டிட்டுப் போகச் சொல்லு."

நான்தான் தயங்கினேன். நானே சொல்கிறேன், இரண்டு நாள் தயங்கினேன். மெஷினைப் பார்ப்பேன், மீட்டரைப் பார்ப்பேன், வேலைக்குப் போவேன். கத்தரிக்கோலை வைத்துவிட்டு ஆபீசுக்குப் போனது மூன்றாம் நாள்தான். மீட்டரைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள் என்றதும் ஜன்னல்காரிக்குத் தலை சுற்றிவிட்டது. மீட்டர் வேண்டும் என்று வருகிறவர்களைத்தான் விரட்டிப் பழக்கம், வேண்டாம் என்று வந்தவளை எப்படி விரட்டுவது? அதற்கு முறையே இல்லை என்றாள். முறை வரும்வரை உட்கார்ந்திருக்கிறேன் என்று பெஞ்சில் உட்கார்ந்தேன். சாயங்காலம் ஷட்டரை இறக்கும்போது பெரிய அதிகாரி வந்து எழுதிக் கொடுத்தார்.

நேற்று லைன்மேன் வந்து கழற்றிக்கொண்டு போனார். எங்கள் வீட்டு ஒயர் பழையபடி மாடிப்படி மீட்டரில் இருக்கிறது. முடிந்துபோனதாகச் சொன்ன மனு மறுபடி திறந்துவிட்டது, டீச்சர் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். ஆறு பேரும் காத்திருக்கிறோம்.

நேற்றே ஒன்றாம் தேதி. படியில் உட்கார இடம் கேட்டேன், நகர்ந்து கொடுத்தார்கள். டீச்சர் பங்கு போட்டார். பல்பு, ஃபேன், ஃப்ரிட்ஜ் எல்லாம் ஆன பிறகு கொத்தனார் தொண்டையைச் செருமினார். "மெஷினையும் போட்டுடலாம்மா. தப்பா நினைக்காதீங்க. இந்த விலையில எங்களால தாங்க முடியல" என்றார். அவர் வீட்டில் இரண்டு ஃபேனில் ஒன்றைக் கழற்றி ஒரு மாதம் ஆகிறது. போடுங்கள் என்றேன். டீச்சர் குனிந்தபடியே எட்டுப் பங்கு என்று எழுதினார். மூச்சுக்குப் பங்கு போட்டாகிவிட்டது. உங்கள் சீர்திருத்தத்தில் இது எத்தனையாவது வரிசை?

மருந்துக் கப்பல் நின்றுவிடும் என்று எழுதியிருக்கிறாய். அதைப் படித்து எனக்குப் பயம் வராமல் இல்லை. ஆனால் கப்பலை நிறுத்துகிறவள் நான் இல்லை. ஒரு கையெழுத்து நிபந்தனையை எடுத்துவிட்டால் ஊர் முழுக்க மீட்டர் பிரியும். அந்த வரிசை தானாக நிரம்பும். அதைச் செய்யாமல், என் புருஷனை ஜன்னல் பக்கம் உட்கார வைத்து நிரப்பப் பார்க்கிறீர்கள். எங்கள் வறுமையை எண்ணச் சொன்னபோது எண்ணிக்கை இல்லை என்றீர்கள். உங்கள் புண்ணியத்தை எண்ணும்போது மட்டும் ஒன்று கிடைத்துவிட்டது.

இப்போது அந்த ஒன்றும் இல்லை. சுவரில் நாலு ஓட்டை இருக்கிறது, வேண்டுமானால் அதைப் படம் எடுத்துக்கொள்ளச் சொல்.

கடைக்கு அன்றைக்கு விடுப்புச் சொல்லிவிட்டேன். ஆறாம் தேதி ஆறு வீட்டுக்காரர்களும் படியில்தான் இருப்போம். அறிக்கையில் பூஜ்ஜியம் என்று எழுது. எழுதக் கை வரவில்லை என்றால் குழுவோடு நீயும் வா. எங்கள் எல்லார் முகத்தையும் பார்த்து, ஒன்று என்று சொல்லிவிட்டுப் போ.

அக்கா